மாலிக் டைலர் சுவருக்கு இடுப்புப்பட்டி கட்டிய பராக்கிரமம்

வாழ்க! கதிர்காமத்துக் கடைவீதியின் கத்தரிக்கோற் காவலன் வாழ்க! பள்ளி திறக்கும் பருவந்தோறும் திரண்டு வரும் பாலர் சேனையைச் சீருடைக்குள் அடக்கி நிறுத்தும் பேராற்றலன், எதிர்வருவோர் இடுப்பளவை எட்ட நின்றே கணித்துவிடும் கூர்நோக்கினன், கழுத்தில் தவழும் இன்ச் டேப்பையே வெற்றிமாலையாய்ச் சூடிய வித்தகன், மூலக்குளத்து முட்டுச்சந்தின் முடிசூடா வேந்தன், மாலிக் டைலர்ஸ் அப்துல் மாலிக் வாழ்க, வாழ்கவே! ஊரார் உடம்புக்கெல்லாம் அளவெடுத்த அம்மாவீரன் தன் வீட்டுச் சுவருக்கு அளவெடுக்கப் புகுந்து பட்ட பாட்டை இங்கே பாடப் புகுகிறோம். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், அவன் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

போர் மூண்ட கதையை முதலில் கேளுங்கள். வேந்தனின் அரண்மனை இரண்டே அறை. அவற்றுள் ஹால் எனப்படும் கொலுமண்டபத்தில் சோபாவும் பீரோவும் டிவி ஸ்டாண்டும் பழைய தையல் மெஷினும் எல்லைப்பூசலில் இறங்கிய சிற்றரசர்கள்போல் ஒன்றையொன்று முறைத்தபடி நிற்கும். ஒருவர் எழுந்து வழிவிட்டால்தான் இன்னொருவர் அடுப்படிக்குப் போக முடியும். சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஃபிரான்சிலிருந்து வந்திறங்கிய சகலை ஃபவாஸ், அதாவது மாலிக்கின் மனைவி ஜஹபர் நிஷாவின் தங்கை நஸ்லினைக் கைப்பிடித்தவன், அந்தச் சோபாவில் சாய்ந்தான். முழங்கால் டிவி ஸ்டாண்டில் மடேரென்று இடித்தது. தடவிக்கொண்டே கேட்டான்:

“என்னாண்ணே, இது ஹாலா, இல்ல உங்க கடை ட்ரையல் ரூமா?”

ஐயகோ! நஸ்லின் சிரித்தாள். அதைக்கூடப் பொறுக்கலாம். அடுப்படி வாசலில் தட்டோடு நின்ற நிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாளே, அதுதான் வேந்தனின் நெஞ்சில் ஊசியாய் இறங்கி உள்ளேயே ஒடிந்தது. விருந்தினர் போனதும் மண்டபத்தின் நடுவே நின்றான். நடுவே என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், அங்கே ஓரம் மட்டும்தான் உண்டு. வலக்கையை உயர்த்திச் சூளுரைத்தான்:

“கேட்டுக்கோ நிஷா! அடுத்த லீவுக்கு வருவான் இல்ல, அவன் வாயாலயே இத ஹால்னு சொல்ல வெக்கிறேன். வெக்கலன்னா இந்தக் கையால கத்தரிக்கோல தொடமாட்டேன்!”

“தொடாம எப்பிடி சோறு துன்றது? மொதல்ல சோபா மேல கெடக்கிற துணிய எடுங்க” என்றாள் அரசி.

சூளுரைத்தவனுக்கு வழிகாட்டியது கைபேசி. அதிலே கணீர்க்குரலோன் ஒருவன் தோன்றி, சிற்றறை படைத்தோரே சிந்தை கலங்கற்க, சுவரிலே பீடிங் எனும் அலங்காரச் சட்டங்களைக் கட்டங்கட்டமாய் ஒட்டி, இடுப்புயரத்தில் ஒரு பட்டையையும் ஓடவிட்டு, அனைத்துக்கும் சுவரின் நிறத்தையே பூசிவிட்டால், கண்ணானது கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி அறையைப் பெரிதென்று நம்பிவிடும் என்று அருளினான். கண்ணை ஏமாற்றினால் போதும், முழங்காலைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. மாலிக்கும் கேட்கவில்லை. கடற்கரைப் பக்கம் ஹோட்டல் ஒன்றுக்குச் சிப்பந்திகளின் உடுப்பு கொடுக்கப் போனபோது அவ்வாறான சுவரை அவன் கண்டிருக்கிறான். அழகழகாய்ச் சட்டமடித்து, அதனுள்ளே ஒன்றுமே மாட்டாமல் வெறுமனே விட்டிருந்தார்கள். அந்த வெறுமையின் கம்பீரத்தில் அன்றே மயங்கியவன் அவன்.

“போட்டோ இல்லாம எதுக்குங்க ஃபிரேமு?” என்று கேட்டாள் நிஷா. கலை தெரியாதவர்களிடம் வேந்தர்கள் விளக்கம் சொல்வதில்லை.

ஃபவாஸ் குடும்பம் ஞாயிறு மதியம் விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்த வாரத்திலேயே படை புறப்பட்டது. ஆளுயரத்தை விஞ்சிய பீடிங் கோல்கள், தெர்மாகோலின் தமையன்போல் காற்றுக்கே அஞ்சும் மெல்லியல்புடையவை, ஸ்கூட்டியின் இருபுறமும் ஈட்டிகளாய் நீண்டிருக்க, பசைக்குழாய்கள் அம்பறாத்தூணி நிகர்த்த கட்டைப்பைக்குள் குலுங்க, வில்லியனூர் சாலையில் வேந்தன் வந்தான். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் தலையை நீட்டி அவன் குலப்பெருமையை உரத்து விசாரித்தார். வந்த வேகத்தில் எதிர்வீட்டு ராஜாங்கத்திடம் ஏணி கேட்டான். வேலைபார்த்த மில் மூடிய காலந்தொட்டு வாசல் நாற்காலியிலிருந்தே உலகைப் பரிபாலிக்கும் ராஜாங்கம், “என்னா பாய், வெள்ளையடிக்கவா?” என்றார். “அதுக்கும் மேல” என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கினான்.

சனிக்கிழமை முற்பகலில் போர் தொடங்கியது. இவ்விடத்தில் தையற்சாத்திரத்தின் தலையாய விதியொன்றை நீங்கள் அறிய வேண்டும். பள்ளிப் பெண்ணின் பாவாடை விளிம்பு கோணாதிருக்க, அவளை நேரே நிற்கவைத்து, தரையிலிருந்து மேல்நோக்கி ஒரே அளவாகச் சுற்றிலும் சாக்குக்கட்டியால் கோடு போட வேண்டும். இடுப்பு ஆளுக்கு ஆள் மாறும், தரை மாறாது என்பது மாலிக் தொழில் பழகிய நாள்முதல் பூண்ட நம்பிக்கை. எனவே சுவரையும் ஒரு பாவாடையாகவே பாவித்து, தரையில் டேப்பின் நுனியை ஊன்றி, வாசலோரத்திலிருந்து அடுப்படியோரம் வரை தரைக்கு மேல் ஒரே அளவாகச் சாக்குக்கோடு போட்டுக்கொண்டே போனான். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அதுதான் வினையாயிற்று, சொல்லப் போகிறோம்.

அடுத்து மூலைவெட்டு. இரண்டு கோல்களும் மூலையில் கூடுமிடத்தில் சாய்வாக அறுத்தால்தான் கட்டம் கட்டமாகும். முதற்கோலைச் சாய்த்தறுத்தான், அது இடப்பக்கம் சாய்ந்தது. இரண்டாவதை அறுத்தான், அதுவும் இடப்பக்கமே சாய்ந்து அண்ணனுக்குத் தம்பி ஆதரவு என்றது. சினந்தெழுந்து ஆக்ஸா பிளேடை எறிந்துவிட்டு, துணி வெட்டும் பெருங்கத்தரியையே உருவினான். அத்திருக்கத்தரியால் யாரேனும் காகிதம் வெட்டினாலே முனை மழுங்குமென்று வீட்டில் பூகம்பம் கிளப்புபவன், அன்று தானே பீடிங் வெட்டினான். வெள்ளைத் துகள்கள் பறந்து பீரோவின் மேலும் பிரியாணிக்குப் பொறுக்கி வைத்திருந்த அரிசியின் மேலும் படிந்தன. நிஷா உரைத்த மறுமொழியை இங்கே எழுத முடியாது.

பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்தது. மேலே மூன்று கட்டங்கள், கீழே நெடும்பட்டை, எல்லாவற்றுக்கும் சுவரின் இளநீலமே பூச்சு. இறுக்கிப் பிடித்த பசை இனி இடித்தாலும் விடாது. தன் கைவண்ணத்தை முழுமையாய்க் கண்டு களிக்க வேந்தன் ஓரடி பின்வாங்கினான், பீரோ தடுத்தது. பக்கவாட்டில் நகர்ந்தான், மெஷின் குத்தியது. மண்டபத்தின் விசாலத்தைப் பார்க்க மண்டபத்துக்குள் இடமில்லாததால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, ராஜாங்கத்தின் நாற்காலியருகே நின்று வாசல் வழியாக நோக்கினான்.

நோக்கியவன் தலையைச் சற்றே சாய்த்தான். கண்ணாடியைத் துடைத்தான். மறுபக்கம் சாய்த்தான்.

“என்னா பாய், பட்ட லைட்டா எறங்குது போல?” என்றார் ராஜாங்கம்.

இறங்கியது! சன்னலின் அடிக்கட்டை நேராய் நிற்க, அதன்கீழே பட்டையானது அடுப்படியிலிருந்து வாசலை நோக்கிச் சறுக்குமரமாய் இறங்கியது. மேற்கட்டங்களோ கடல்நடுவே சாய்ந்த கப்பலின் சாளரங்களாய்த் தள்ளாடின. வேந்தன் உள்ளே பாய்ந்து மீண்டும் அளந்தான். அந்தக் கோடியிலும் அதே அளவு, இந்தக் கோடியிலும் அதே அளவு. டேப் பொய் சொல்லாது, அப்படியானால் சுவர்தான் பொய், கட்டிய கொத்தனார் பொய், இந்த மூலக்குளமே பொய் என்று முழங்கினான். நிஷா அரிசியில் துகள் பொறுக்கியபடியே தலை நிமிராமல் சொன்னாள்:

“தரைய வாட்டம் வுட்டுதான போட்டிருக்காங்க. கழுவி வுட்டா தண்ணி வாசலுக்கு ஓடணும் இல்ல? நான் வாராவாரம் கழுவறேன், எனுக்குத் தெரியும். நீங்க ஒரு நாளு தொடப்பம் புடிச்சிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

அந்த ஒரு கணையில் அண்டசராசரமும் அடங்கிற்று. குடிவந்த நாள்முதல் அத்தரையில் நடந்தும் கிடந்தும் அளந்தும் வாழ்ந்தவன், அது சாய்ந்த தரை என்பதை அன்றுதான் அறிந்தான். வெட்கமாக இருந்தது அவனுக்கு, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. நாளை ஃபவாஸ் வந்து பார்த்தால் ட்ரையல் ரூம் என்றுகூடச் சொல்ல மாட்டான், அதைவிட மோசமாக ஏதாவது சொல்வான். கத்தரிக்கோலை விட்டால் வேறென்ன தொழில் தெரியும்? சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“இப்ப என்னா பண்றது நிஷா?”

“அந்த ஜன்னல் நேரா இருக்கப் போயிதான பட்ட கோணலா தெரியுது? ஜன்னல மறைங்க” என்றாள் அவள்.

ஆகா, அதுவன்றோ மதியூகம்! கோணலை நிமிர்த்த முடியாதபோது நேரானவற்றையெல்லாம் ஒழித்துக்கட்டுவதே அரசியல். ஞாயிறு விடிந்ததும் மெஷின் முழங்கியது. கட்டம்போட்ட துணி கோணலைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கோடே இல்லாத கனத்த மெரூன் துணியை எடுத்து, கீழ்விளிம்பைப் பட்டையின் சாய்வுக்கே சாய்த்து மடித்து, சன்னலை முழுவதுமாய் மூடும் திரையொன்றைத் தைத்தான். அவன் வாழ்நாளில் தெரிந்தே கோணலாகத் தைத்தது அது ஒன்றுதான், அதைப்போல் நேர்த்தியாக வேறெதையும் தைத்ததுமில்லை. சுவர்க்கடிகாரத்தைச் சற்றே திருகினான். தினசரிக் காலண்டர் மட்டும் எத்தனை முறை சாய்த்துவிட்டாலும் நேராகவே வந்து தொங்கியது. அந்த நேர்மையாளனின் முதுகில் நிஷா பசையைத் தடவிக் கோணலாக ஒட்டினாள். இப்போது மண்டபம் முழுவதும் ஒரேமனதாகச் சாய்ந்திருந்தது, பார்த்தால் தெரியவே தெரியாது.

உச்சிப்பொழுதில் ஃபவாஸ் வந்தான். போன ஆண்டைவிடச் சதை போட்டிருந்தான். சோபாவில் அமர்ந்தான், முழங்கால் வழக்கமான இடத்தில் இடித்தது. பார்வை உயர்ந்தது. பட்டையைக் கடந்தது, கட்டங்களைக் கடந்தது. மாலிக் மூச்சை அடக்கினான். பார்வை ஃபேனில் போய் நின்றது.

“ஃபேன் ஓடுதாண்ணே? புது கர்ட்டனா? அதான் காத்தே வரல. உள்ள வேவுது.”

“மாடிக்குப் போயிடலாங்க்கா, கொட்டாயில காத்து வரும்” என்றாள் நஸ்லின். பாயும் போனது, பிரியாணி தேக்சாவும் போனது, விருந்தினரும் போனார்கள். கீற்றுக்கொட்டகையின் நிழலில், கடற்காற்று வீச, எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். வேந்தன் மட்டும் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நிஷா ஓரிருமுறை அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னொரு துண்டை அவன் தட்டில் வைத்தாள்.

சாப்பிட்டு முடித்து, படியிறங்கி வாசலில் நின்றபோது ஃபவாஸ் கைப்பையிலிருந்து ஒரு பேண்ட்டை எடுத்தான்.

“அண்ணே, அங்க வாங்கனது. இப்ப இடுப்புல ஏற மாட்டுது. கொஞ்சம் புடிச்சுப் பாத்து லூஸ் பண்ணிக் குடுங்களேன். இருங்க, ஹால்ல போயி போட்டுக்கினு வந்துடறேன். மெர்சிண்ணே!” என்று ஃபிரெஞ்சு நன்றியும் வைத்தான்.

சொன்னான்! ஹால் என்று சொன்னான்! அவன் வாயாலேயே, தெளிவாக, ராஜாங்கத்தின் நாற்காலிக்கும் கேட்கும்படி சொன்னான்! ஓராண்டாய் நெஞ்சில் ஒடிந்து கிடந்த ஊசி உருகி ஓடிற்று. எண்டிசையும் முரசதிர, விண்ணோர் மலர்சொரிய, கத்தரிக்கோல் காக்கப்பட்டது, குலமானம் மீட்கப்பட்டது, பட்டையும் கட்டமும் சாய்ந்த திரையும் பகைவனை மண்டியிடச் செய்தன என்று வெற்றிக்கனல் விழியில் சுடர அப்துல் மாலிக் அரசியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது.

ஃபவாஸ் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, பேண்ட்டைப் போட்டுப் பார்த்தான்.