குறைந்த புவியீர்ப்பு வளாகம்

என் அண்ணன் மகள் பட்டப்படிப்புக்குப் பயன்பாட்டு இயற்பியலை எடுத்துக்கொள்வது என்று குடும்பத்தார் கூடி ஒருமனதாக முடிவு செய்தோம். அந்த ஒருமனதில் அவள் மனது சேர்த்தி இல்லை. படிக்கப் போகிறவளே தீர்மானத்தில் கலந்துகொள்வது முறையல்ல என்பது என் கருத்து. நான் ஓர் அரசு அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். முறை என்றால் எனக்கு உயிர்.

அவள் வெறும் இயற்பியல்தான் கேட்டாள். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை.

"வெறும் இயற்பியல்னு நாலு பேர்கிட்ட எப்படிச் சொல்றது? 'பயன்பாட்டு'ன்னு முன்னால ஒண்ணு இருந்தா கேக்கவே எடுப்பா இருக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரியுமாம்மா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே உன்னைப் படிக்க வைக்கிறோம்."

வித்தியாசம் கல்லூரிக்குப் போனதும் தெரிந்தது. முந்தைய ஆண்டு வரை அது இயற்பியல் துறையாகத்தான் இருந்தது. ஆள் சேரவில்லை என்றதும் நிர்வாகம் தீவிரமாக ஆலோசித்து, காலத்துக்கேற்ற சீர்திருத்தம் ஒன்றைச் செய்தது. அதாவது, பெயர்ப்பலகையின் இடப்பக்கம் கொஞ்சம் இடம் காலியாக இருந்ததைக் கவனித்து, அங்கே 'பயன்பாட்டு' என்று சின்ன எழுத்தில் நெருக்கிப் போட்டது. பாடப் புத்தகம், ஆய்வகம், ஆசிரியர்கள், மின்விசிறியின் சத்தம் எல்லாம் பழையபடியே தொடர்ந்தன.

அவளுக்கு வீட்டில் கறார் என்று பெயர். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களைச் சின்ன வயதில் வாசலில் கடிகாரத்தோடு நின்று வரவேற்பாள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை.

முதல் ஆண்டு செய்முறை வகுப்பில் ஊசல் ஆட்டச் சொன்னார்கள். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டிவிட்டு, அது போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப் கிளாக்கில் பார்க்க வேண்டும். அதை வைத்து, பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும்.

இதற்கு அந்தத் துறையில் காலம் காலமாக ஒரு நடைமுறை இருந்தது. முதலில் பக்கத்தின் அடியில் ஒன்பது புள்ளி எட்டு என்று விடையை எழுதிவிடுவார்கள். பிறகு அதிலிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போட்டு, எத்தனை விநாடி வந்திருக்க வேண்டுமோ அதை அட்டவணையில் நிரப்புவார்கள். பார்க்க இயல்பாக இருக்கட்டும் என்று கடைசி இலக்கத்தை மட்டும் அங்கங்கே கொஞ்சம் கலைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் நேரம் மிச்சமிருந்தால் ஊசலை ஆட்டலாம். ஆட்டுவது கட்டாயமில்லை, அது ஒரு மரியாதைக்குத்தான்.

கறார் முதலிலேயே ஊசலை ஆட்டிவிட்டாள். ஒன்பது புள்ளி மூன்று வந்தது. திரும்பத் திரும்ப ஆட்டினாள், அதேதான் வந்தது. ஸ்டாப் கிளாக்கைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அது வேகமாக ஓடுவது தெரிந்ததும் நேரே துறைத் தலைவரிடம் போனாள்.

"சார், லேப்ல கிளாக் வேகமா ஓடுது சார்."

"ஓடுதில்ல? ஓடலைன்னாத்தான் எங்கிட்ட வந்து சொல்லணும்."

"தப்பா ஓடுது சார். எனக்கு ஒன்பது புள்ளி மூணு வருது."

"அதே கிளாக்ல மத்த எல்லாருக்கும் ஒன்பது புள்ளி எட்டு வந்திருக்கே."

"அவங்க யாரும் ஊசலையே ஆட்டல சார்."

"ஆட்டாமலே அவங்களுக்குச் சரியா வருது. ஆட்டியும் உனக்கு வரல. கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா."

யோசித்துப் பார்த்து கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதினாள். அலுவலகக் கடிதம் எழுதுவது அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் எடுத்துக்கொடுத்தேன். 'பொருள்: ஆய்வகத்தில் புவியீர்ப்பு மதிப்பு குறைவாகக் காணப்படுதல் – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.' கடிகாரத்தைப் பற்றிய விவரத்தை முறைப்படி இரண்டாம் பக்கத்தில் வைத்தேன். இரண்டாம் பக்கத்தை எந்த அலுவலகத்திலும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்தான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கல்லூரி அலுவலகம் பொருளைப் படித்தது. குறைவு என்றால் இருப்பில் குறைவு. உடனே ஆய்வக உதவியாளருக்குக் குறிப்பாணை பறந்தது. 'தங்கள் பொறுப்பில் இருந்த புவியீர்ப்பில் புள்ளி ஐந்து குறைந்திருப்பது எவ்வாறு என்பதற்கு உரிய விளக்கத்தை உடனடியாக அளிக்கவும்.' உதவியாளர் அனுபவசாலி. 'நான் பொறுப்பேற்ற நாளிலேயே புவியீர்ப்பு இதே நிலையில்தான் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று பதில் எழுதினார். என் பணிக்காலத்தில் இத்தனை அழகான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்து, விசாரணைக் குழு. வணிகவியல் துறைத் தலைவர், நூலகர், உடற்கல்வி இயக்குநர் என்று மூன்று பேர். நடுநிலை கெட்டுவிடக் கூடாது என்பதால் இயற்பியல் தெரிந்தவர்கள் யாரையும் சேர்க்கவில்லை. குழு ஆய்வகத்துக்கு நேரில் வந்து, அதே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே ஊசலை ஆட்டியது. ஒன்பது புள்ளி மூன்றுதான் வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அறிக்கை எழுதினார்கள்.

'கடிகாரம் நல்ல நிலையில் உள்ளதாக ஆண்டுத் தணிக்கையில் சான்றளிக்கப்பட்டுள்ளதால் அதில் பிழை இருக்க வாய்ப்பில்லை. குண்டு உருண்டையாகவே உள்ளது. நூல் அறுபடவில்லை. பூமியை ஆராய்வது இக்குழுவின் அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது. எனவே, நமது வளாகத்தில் புவியீர்ப்பு ஒன்பது புள்ளி மூன்று மட்டுமே என்று இக்குழு முடிவு செய்கிறது.'

வெளியில் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று முதல்வர் முதலில் அறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஆனால் அந்தச் சமயத்தில்தான் கல்லூரிகளுக்கான தரவரிசைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு கேள்வி: 'பிற நிறுவனங்களில் இல்லாத தனிச்சிறப்பு யாது?' வருடா வருடம் அந்த இடத்தில் 'ஒழுக்கம்' என்று எழுதி ஒரு மதிப்பெண்ணும் வந்தபாடில்லை. முதல்வர் இழுப்பறையைத் திறந்தார்.

அந்த ஆண்டு கல்லூரி வாசலில் பெரிய பலகை ஏறியது. 'நாட்டின் முதல் குறைந்த புவியீர்ப்பு வளாகம்.' பக்கத்திலேயே ஒரு மாணவன் காற்றில் எம்பிக் குதிக்கும் படம். சேர்க்கைக்குக் கூட்டம் அலைமோதியது. பாரம் குறைவான இடத்தில் படித்தால் மூளைக்கு ரத்தம் சுலபமாக ஏறும் என்று பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காலை நடைக்காரர்கள் பூங்காவைக் கைவிட்டு, அனுமதி அட்டை வாங்கி வளாகத்துக்குள் நடக்க ஆரம்பித்தார்கள். எடை குறைக்கிறவர்கள் எடை இயந்திரத்தோடு வந்தார்கள். இயந்திரம் வித்தியாசம் காட்டாதபோது, இயந்திரத்தைத் திட்டிக்கொண்டு போனார்கள். நாகரிகம் தெரிந்த குடும்பங்களில் "நாங்க இப்பல்லாம் குறைஞ்ச ஈர்ப்புலதான் நடக்கிறது" என்று சொல்வது வழக்கமாயிற்று. எங்கள் அண்ணியும் போய்வந்தாள்.

"முட்டி வலி பறந்தே போச்சு!"

"அம்மா, அது கிளாக் தப்பும்மா."

"கிளாக் தப்பு. என் முட்டியும் தப்பா?"



இவ்வளவு பெருமை தேடிக்கொடுத்த கடிகாரத்தை மாணவர்கள் கை படும்படி வைத்திருக்கலாமா? அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, விளக்குப் போட்டு, நுழைவு மண்டபத்தில் நிறுத்தினார்கள். ஆய்வகத்துக்குப் புதிய கடிகாரங்கள் வந்தன. அவை சரியாக ஓடின. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில், குலுக்கலில் கறாருக்கு ஊசல் விழுந்தது. அண்ணன் அந்த வருடம் ஓய்வு பெறுகிறார். ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்து, பட்டத்தோடு வந்து சேரச் சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் வீடு இருந்தது. அவள் புதுக் கடிகாரத்தை எடுத்தாள், ஊசலை ஆட்டினாள். ஒன்பது புள்ளி எட்டு பிசகில்லாமல் வந்தது. சந்தோஷமாக எழுதிக் கொடுத்தாள். மற்றவர்கள் எல்லோரும் பக்கத்தின் அடியில் ஒன்பது புள்ளி மூன்று என்று எழுதிவிட்டு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் மட்டும் ஃபெயில்.

நானும் அவளுமாகத் துறைத் தலைவரைப் பார்க்கப் போனோம். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒன்பது புள்ளி எட்டுதாம்மா. எனக்குத் தெரியாதா? நான் படிச்ச காலத்துலேருந்து அதுதான்."

"அப்புறம் ஏன் சார் ஃபெயில் போட்டீங்க?"

"உனக்கு மார்க் போட்டா, வாசல்ல இருக்கிற போர்டை யாரு கழட்டுறது?"

"முதல் வருஷம் ஒன்பது புள்ளி மூணுன்னு எழுதினேன். அதையும் தப்புன்னீங்களே சார்."

"அப்போ நீ அவசரப்பட்டுட்ட."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. துறைத் தலைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினால்கூடத் தேவலாம் போலிருந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

"ஒரு நம்பர்தானேம்மா. எழுதிட்டுப் போயேன்."

"இந்தப் படிப்புல நானே கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது அந்த ஒரு நம்பர்தான் சித்தப்பா."

மறுதேர்வில் அவள் முதலில் பக்கத்தின் அடியில் எழுதினாள். ஊசலைத் தொடவே இல்லை. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு எழுந்தாள். முழு மதிப்பெண். 'பாடத்தைப் பயன்படுத்தும் திறன் சிறப்பாக வெளிப்படுகிறது' என்று தேர்வாளர் பாராட்டி எழுதியிருந்தார். அண்ணி தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தாள். கறார் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. வீட்டில் அப்புறம் யார் தாமதமாக வந்தாலும் அவள் கேட்பதில்லை. எங்களுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

கம்பெனியில் சேர்ந்தாள். லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் கம்பெனி அது. கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்தேன்.

"வேலை எப்படிம்மா இருக்கு? கஷ்டமா?"

"கஷ்டமே இல்ல சித்தப்பா. எவ்வளவு எடை தாங்கணும்னு முன்னாடியே குடுத்துடுவாங்க. அதைக் கீழ எழுதிட்டு, மேல நிரப்பணும். அங்க முக்காவாசிப் பேரு எங்க டிபார்ட்மென்ட்தான். சொல்லிக்குடுக்கவே தேவையில்லன்னு மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம்."

"எடையை ஏத்திப் பாக்க மாட்டீங்களா?"

"முதல் வாரம் கேட்டேன். நாம சான்றிதழ் குடுத்த லிஃப்டெல்லாம் இன்னும் ஓடிக்கிட்டுத்தானே இருக்குன்னாங்க."

காலண்டரைப் பார்த்துக்கொண்டே அவளே தொடர்ந்தாள்.

"உங்க ஆபீஸ் லிஃப்டுக்கு வெள்ளிக்கிழமைதான் அனுப்பினோம்."

"நல்லா இருக்கா?"

"சான்றிதழ் நல்லா இருக்கு." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "சித்தப்பா, நீங்க படியில போங்க."

மறுநாள் ஏழு மாடியும் படியேறினேன். எனக்கு முன்னால் கட்டடப் பராமரிப்பு அதிகாரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். அவர் மகனும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறான். உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொல்லிக்கொண்டோம்.

மூச்சு வாங்க இருக்கையில் வந்து உட்கார்ந்தபோது, லிஃப்ட் சான்றிதழ் என் ஒப்புதலுக்காக மேசையில் தயாராக இருந்தது. முத்திரை இருந்தது, தேதி இருந்தது, அடியில் என் அண்ணன் மகளின் கையெழுத்து இருந்தது. முறைப்படி குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஒப்புதல் அளித்து, லிஃப்டுக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டச் சொல்லி அனுப்பினேன்.

அன்று மனு வாங்கும் நாள். வந்திருந்த பொதுமக்கள் கீழே வரிசையில் நின்று, லிஃப்டில் ஏறி, சான்றிதழைப் படித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு பேர் வரட்டும் என்று தள்ளி இடம் கொடுத்து, மேலே வந்துகொண்டிருந்தார்கள்.