முப்பத்தொரு 'அருமை'

அன்புள்ள மைத்துனன் மாப்பிள்ளைக்கு,

உன் சின்ன அக்காவின் கணவன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. நீயும் சுகமாக இருக்க ஆசைப்படுகிறேன். கடிதம் முடிகிறவரை அந்த ஆசை தாங்குமா என்றுதான் தெரியவில்லை. போனில் எழுதினால் உன் தேடலிலேயே மாட்டிக்கொள்வேன் என்று காகிதத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் வந்தபோது, உன் கம்பெனி நடத்தும் சமூக வலைத்தளத்தின் புதுத் தேடலை வடிவமைத்தது நீதான் என்று மார்தட்டினாயே, அது பற்றித்தான். "இனிமே உலகத்தையே துழாவ வேணாம் அத்தான். நீங்க நண்பரா சேர்த்தவங்க பக்கத்துல இருக்கிறது மட்டும் வரும். மத்தவங்க பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காது" என்றாய். நானும் நல்ல பிள்ளையாக முழங்கால் வலிக்குத்தான் முதலில் தேடினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்மைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்லியிருப்பார்களே என்று, எல்லோரும் என்னைச் சொல்கிற 'கண்ணாடிக்காரர்' என்ற பெயரைப் போட்டேன். இருநூற்றுப் பத்து நண்பர்கள். ஒருத்தர் வாயிலும் நான் இல்லை. சரி, பாராட்டெல்லாம் எங்கேதான் போகிறது என்று 'அருமை' என்று தேடினால், கொட்டுகிறது! நாற்பத்து மூன்று. அதில் முப்பத்தொன்று உன் சின்ன அக்கா எழுதியது. அத்தனையும் என் சகலை, அதாவது உன் பெரிய அத்தான், தொட்டியில் வளர்க்கும் கள்ளிச்செடிகளின் படத்துக்குக் கீழே. "அருமை அத்தான்!" "அடடா, அருமை அத்தான்!" இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒரு தடவை சொல்லியிருப்பாளா? குளியலறைக் குழாயை நானே கழற்றிச் சரிசெய்தபோதுகூட, "தண்ணியை நிறுத்திட்டுக் கழட்டணும்னு தெரியாதா?" என்றுதான் கேட்டாள்.

விடுவேனா? நானும் ஒரு கள்ளிச்செடி வாங்கினேன். ஒரு கையில் செடி, மறு கையில் போன், முகத்தில் புன்னகை. படம் வந்தது, ஆறு முள்ளும் ஏறிற்று. போட்டுவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன். உன் அக்காவிடமிருந்து மூச்சில்லை. வந்தது ஒரே கருத்து, சகலையுடையது: "தண்ணி ஜாஸ்தி ஊத்துறீங்க போல."

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"பெரியத்தான் செடிதான் உன் கண்ணுக்குத் தெரியுமோ?"

"நீங்க எப்போ செடி போட்டீங்க?"

"ஊரே பார்த்துச்சு!"

"ஊர் பார்த்திருக்கும். நான் பார்க்கலை."

எவ்வளவு அலட்சியம் பார்த்தாயா! ஒரு முள்செடி முன்னால் தோற்றுப்போனேன் மாப்பிள்ளை. தயவுசெய்து அந்தத் தேடலைத் தூக்கிவிடு. தெரியாமல் இருந்தவரை நான் சந்தோஷமான புருஷன்.

நீயும் உன் வீட்டாரும் யாரும் யாரையும் தேடாமல் நெடுநாள் நிம்மதியாக வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் சின்ன அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா பின்னால் நின்று முழுவதும் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால், என் போனைப் பிடுங்கித் திறந்து காட்டினாள். நாலு வருஷமாக அவளுடைய நட்பு அழைப்பு அதில் காத்துக் கிடக்கிறது! வீட்டிலேயே இருக்கிறவளைத் தனியாக எதற்குச் சேர்ப்பது என்று நான்தான் விட்டிருக்கிறேன். "சேர்க்கவே இல்லை. அப்புறம் உங்க செடி எனக்கு எப்படித் தெரியும், நான் என் பக்கத்துல எழுதறது உங்களுக்கு எப்படி வரும்?" சேர்த்தேன். மறுபடி 'கண்ணாடிக்காரர்' என்று தேடினேன். நூற்றுப் பதினேழு! "கண்ணாடிக்காரர் குழாய் சரிபண்ணினார், கீழ்வீட்டில் வெள்ளம்." "நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வீடெல்லாம் கண்ணாடி தேடினார்." "கண்ணாடிக்காரர் ரெண்டு நாளாக ஊரில் இல்லை. வீட்டில் சிரிக்க ஒன்றுமே இல்லை." இந்தக் கடைசியை நாலு தடவை படித்தேன். ஆகவே தேடல் இருக்கட்டும், கை வைக்காதே. ஒரே ஒரு திருத்தம்: நூற்றுப் பதினேழுக்கும் கீழே "அருமை!" என்று எழுதி வைத்திருக்கிறார் சகலை. அவரை மட்டும் தூக்க வழியுண்டா?