குடைக்குள் இருந்த பதினோரு பேர்

அச்சகத்துக்காரர் மூன்றாவது முறையாகப் போன் செய்தார். "அம்மா, நாலு மணிக்குள்ள முதல் பக்கம் கைக்கு வரலைன்னா, நான் காலண்டர் அடிக்கப் போயிடுவேன்."

"வரும்யா. நான் சொன்னா வரும்," என்றாள் செயலாளரம்மா.

பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவளுடையது. முப்பது வருடம் தையல்கடை நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? புத்தகம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவள்தான் தலைவி. வராவிட்டால் மருந்துக்கடைக்காரர் தலைவர். அந்த மனுஷன் நாற்காலியில் போட இப்போதே துண்டோடு அலைகிறார்.

இருநூறு பக்கம் தயார். ஒரே ஒரு வரிதான் இடித்தது. சங்கத்தை ஆரம்பித்தது யார்?

"நான்தான்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான்தான்," என்றார் வக்கீல்.

இருவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள் என்று எழுதினாள். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

"என் பேரு ரெண்டாவதா? நான் மீட்டிங் போட்டப்ப இவன் கேன்டீன்ல பன் தின்னுக்கிட்டு இருந்தான்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அந்த பன்னை வச்சுதான்யா சங்கமே ஆரம்பிச்சது!" என்றார் வக்கீல்.

சரி, பேரே வேண்டாம் என்று 'ஏழு நண்பர்கள்' என மாற்றினாள். அதற்குச் சாட்சியாக ஒரு பழைய போட்டோவைத் தேடி எடுத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். வினையே அங்கேதான். போட்டோவில் முகம் ஆறுதான் இருந்தது. ஏழாவது ஆளின் முகத்தைக் குடை மறைத்திருந்தது.

"குடைக்குள்ள நான்தான்," என்று முதல் செய்தி வந்தது. மதியத்துக்குள் குடைக்குள் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள்.

"செருப்பைப் பாருங்க, என் செருப்பு!" என்றார் ஒருவர். "ஆள் யாரோ தெரியாது, குடை என்னுது," என்றார் இன்னொருவர். "எங்க வீட்டுக்காரர்தான். அவர் வெயில்ல தலையே காட்ட மாட்டாரு," என்று ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜில் அழுதே விட்டாள்.

செயலாளரம்மாவின் கணவர் ஈஸிசேரில் இருந்தபடி யோசனை சொன்னார். "பேசாம குடைதான் சங்கத்தை ஆரம்பிச்சதுன்னு எழுதிடு. குடை வந்து சண்டை போடாது."

"உங்களைக் கேட்டேனா? அளவெடுக்காம துணியில கை வச்சேன் பாருங்க, அது என் தப்பு. இப்ப எடுக்கறேன் அளவு."

குழுவில் ஒரே போடாகப் போட்டாள்: 'பட்டம் வாங்கியவர் பதிவேட்டில் பேர் இல்லாதவருக்குப் புத்தகத்திலும் இடமில்லை, சங்கத்திலும் இடமில்லை, மேடையிலும் இடமில்லை.'



அடுத்த ஆட்டோவில் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய் இறங்கினாள். பதிவேட்டுப் பிரிவு கிளார்க் ஒரு சின்னப் பெண். அவள் முன்னால் புத்தகத்தில் இருந்த அத்தனை பேரின் பட்டியலையும் வைத்தாள்.

"ஒருத்தர் விடாம பாரும்மா. தெரிஞ்சவங்க, வேண்டியவங்கன்னு தாட்சண்யமே வேண்டாம்."

கிளார்க் பெண் தலையணை தடிமனில் இருந்த பதிவேடுகளைப் புரட்டினாள். குடைக்காரர்களில் பத்துப் பேர் சாய்ந்தார்கள். மிஞ்சிய ஒருவருக்குப் பட்டம் இருந்தது. ஆனால் போட்டோ எடுத்தபோது அவர் பிறக்கவே இல்லை.

"வக்கீல் பேரும் இல்லைங்க மேடம்."

"எப்படி இருக்கும்? அவன் எதிர்த்த காலேஜ். பன்னுக்குத்தான் இங்க வந்தான்."

"மருந்துக்கடைக்காரர் ரெண்டாவது வருஷமே நின்னுட்டாரு."

செயலாளரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மணி மூணே முக்கால். அச்சகத்தைக் கூப்பிட்டாள். "எழுதிக்கய்யா. போட்டிக்கு ஒரு பய இல்லை. முதல் பக்கம் முழுக்க என் போட்டோ. கீழே, 'தலைவி'ன்னு கொட்டை எழுத்துல போடு!"

கிளார்க் பெண் பதிவேட்டின் மேல் விரலை வைத்தபடி நிமிர்ந்தாள்.

"மேடம், நீங்க டிகிரி சர்டிபிகேட் வாங்க வரவே இல்லையா?"

"தையல்கடையில எவம்மா சர்டிபிகேட் கேக்கறா? பேப்பர்ல நம்பர் வந்திருக்குன்னு எங்கப்பா சொன்னாரு. மறுவாரம் கல்யாணம். போயிட்டேன்."

"அதான் மேடம், ஒரு பாடம் நிக்குது. நீங்க இன்னும் பழைய மாணவியே ஆகலை, இப்பவும் இங்க மாணவிதான். வெள்ளிக்கிழமை கடைசி தேதி, பரீட்சைக்கு ஃபாரம் தரட்டுங்களா?"