எழவு வீட்டில் இனிப்புக் காப்பி

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கையில் ஒரு கரண்டி கிடைத்துவிட்டால் போதும், எதையாவது போட்டுக் கலக்கிவிடுவேன். (என் மனைவி ஸ்டெல்லா இதையே இன்னும் கேவலமாகச் சொல்வாள்.)

குவைத்தில் லெபனான்காரர்களின் சங்கம் ஒன்றில் டிரைவராகச் சேர்ந்த புதிது. டிரைவர் என்று பேர்தான். பிள்ளைகளின் நடன வகுப்புக்கு நாற்காலி போடுவது, ஊருக்கு அனுப்பும் மருந்துப் பெட்டிகளைக் கட்டுவது, விசேஷம் முடிந்தால் ஹாலைக் கழுவுவது எல்லாம் அடியேன்தான். செயலாளர் சமீரா மேடம் "அந்தோணி, யல்லா! சீக்கிரம் வா!" என்று கூப்பிட்டால் மங்காஃபில் இருக்கும் என் ரூம் வரைக்கும் கேட்கும்.

அந்தச் சமயம் அவர்கள் ஊரில் சண்டை. குண்டு விழுந்து அபு ரீமாவின் மகள் இறந்துபோனாள். அபு ரீமா என்றால் ரீமாவின் அப்பா. பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் அவர்கள் ஆளைக் கூப்பிடுவார்கள். ஒரே பிள்ளை. கோடையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். விமானம் எதுவும் ஓடவில்லை. பெற்ற மகளை அடக்கம் செய்யப் போக முடியாமல் மனுஷன் இங்கே கிடந்து தவித்தார். சங்கத்தால் முடிந்தது ஒன்றுதான். ஹாலில் எல்லாரையும் கூட்டித் துக்கம் விசாரிக்க ஏற்பாடு செய்தார்கள்.

முதல் பானைக் காப்பியைச் சமீரா மேடமே போட்டார். பாதிரியாரை அழைக்க வாசலுக்குப் போகும்போது, "தீர்ந்தா இதே மாதிரி போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாய் ருசி பார்த்தேன். மாதாவே! வேப்பெண்ணெயே தேவலாம். ஹாலை எட்டிப் பார்த்தால் குடித்தவர்கள் முகமெல்லாம் கோணிக் கிடந்தது. (எழவுக்கு வந்தவன் முகம் வேறு எப்படி இருக்குமாம்? அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.) எங்கள் கடற்கரைப் பக்கம், அழுது தொண்டை வறண்டவர்களுக்கு அக்கம்பக்கத்தார் கருப்பட்டிக் காப்பியை நல்ல இனிப்பாகப் போட்டுக் கொண்டுவருவார்கள். பாவம், மேடம் பதற்றத்தில் சீனி போட மறந்துவிட்டார் என்று நானே தீர்ப்புச் சொல்லி, அடுத்த பானையில் சீனியை அள்ளிக் கொட்டினேன்.

தட்டை ஏந்தி ராஜநடை போட்டுப் போனேன். முதல் ஆள் ஒரு மிடறு குடித்துவிட்டு அப்படியே நின்றார். அடுத்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். சமீரா மேடம் ஓடிவந்து என் காதருகே பல்லைக் கடித்தார்.

"பைத்தியக்காரா! துக்கத்துக்குக் கசப்புக் காப்பிதான். இனிப்பு கல்யாணத்துக்கு!"

திரும்பி ஓடலாமென்றால், அபு ரீமா ஏற்கனவே ஒரு கோப்பையை எடுத்திருந்தார். குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். என் வேலை போகட்டும், கழுதை. மகளுக்காக அழ அந்த மனுஷனுக்கு இருந்தது அந்த ஒரு ஹால்தான், அதையும் கெடுத்துவிட்டேனே!

"சாரி சார், எனக்குத் தெரியாது சார்" என்று உளறினேன்.

அவர் காலிக் கோப்பையை என்னிடம் நீட்டினார். எனக்குப் புரியவேண்டும் என்று உடைந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"என் பொண்ணு கல்யாணத்துல நான் குடிக்கவேண்டிய காப்பி இது. இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். பாதி கோப்பையில், பாதி தட்டில். குடித்து முடித்துவிட்டு வாய்விட்டு அழுதார். செய்தி வந்ததிலிருந்து அதுவரை அவர் அழவே இல்லையாம். நானும் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வேலை போகவில்லை. ஆனால் சங்கத்தின் சமையலறைக்குள் நுழைய இன்றுவரை எனக்குத் தடை. வீட்டில் கேட்கவே வேண்டாம். லீவில் போயிருக்கும்போது ஏதாவது துக்க வீட்டுக்கு நான் கிளம்பினால், "அங்க போன் போட்டுச் சொல்லுங்க, சீனி டப்பாவ ஒளிச்சு வைக்கட்டும், இவரு வாறாரு!" என்று ஸ்டெல்லா ஆரம்பித்துவிடுவாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் இன்னொரு கோப்பை கேட்டதுவரை சொல்வேன்; என்ன சொல்லிக் கேட்டார் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன லீவில் என் மகள் ஷைனி சிரித்து ஓய்ந்தபின் கேட்டாள். அவளுக்கு வருகிற தையில் கல்யாணம்.

"அப்பா, எல்லாரும் கீழ வச்ச காப்பிய அந்த ஆளு மட்டும் ஏன் ரெண்டாவது தடவ கேட்டாரு?"

"என் கைப்பக்குவம் அப்படி மக்ளே" என்றேன்.