பிரக்ஞையும் பன்னிரண்டு முட்டைகளும்

படித்தவன் சொல்லும் பொய்க்கு ஆயுள் அதிகம். நான் சொன்ன ஒரு பொய் இருபது வருடங்களுக்கு மேலாக விசுவமடுவில் உயிரோடு இருக்கிறது. அதை இப்போதாவது எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில் விசுவமடுவில் கொட்டில் போட்டிருந்தோம். உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தேன். சைக்கிளில் ஏற்றி வந்த பொருட்களில் ஒன்று, குவாண்டம் பௌதிகமும் பிரக்ஞையும் பற்றிய ஒரு தடித்த புத்தகம். (அதற்கு இடம் விட இடியப்ப உரலைக் கைவிட்டதை மனைவி இன்னும் மறக்கவில்லை.) ஒரு துணிக்கையை யாரும் அவதானிக்காதவரை அது இன்ன நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது, அவதானித்தவுடன் ஒரு நிலைக்கு வந்துவிடும் என்றது புத்தகம். அப்படித் தீர்மானிப்பது பார்ப்பவரின் மனமே என்று சிலர் வாதிட்டார்களாம். பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன்.

பக்கத்துக் காணியில் முத்தம்மா இருந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருடைய கோழிகளெல்லாம் நோயில் செத்துவிட்டன. கனகராயன்குளத்துத் தங்கச்சியிடமிருந்து பன்னிரண்டு முட்டைகளை வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கள் கோழி அப்போது முட்டையில்லாமலே உட்கார்ந்து அடைக்குக் கேறிக்கொண்டிருந்தது. பொரிக்கிற குஞ்சில் பாதி முட்டைக்காரருக்கு, பாதி கோழிக்காரருக்கு. அது ஊர் ஒழுங்கு.

“மாஸ்டர், இந்தப் பன்னெண்டுலதான் நான் மறுபடி ஆரம்பிக்கணும். ஒங்களை நம்பித்தான் வைக்கிறேன்” என்றார்.

கூடைக்குள் ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும் போட்டார். இடி இடித்தால் அடைமுட்டை கெட்டுவிடும், இரும்பு இருந்தால் கெடாது என்று எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

அவர் போனதும் ஆணியை எடுத்துச் சேட்டுப் பைக்குள் போட்டேன். (ஆராய்ச்சியில் மூடநம்பிக்கை கலக்கக் கூடாதல்லவா?) ஆறு முட்டைகளில் பென்சிலால் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டேன். அந்த ஆறையும் தினம் மூன்று முறை எடுத்து, ஊடுருவிப் பார்த்து, ‘உயிர், உயிர்’ என்று மனதைக் குவிப்பது. மற்ற ஆறையும் பார்க்காமல் விடுவது. புள்ளடி முட்டைகள் கூடுதலாகப் பொரித்தால் உலக விஞ்ஞானிகள் விசுவமடுவுக்கு வர வேண்டியிருக்கும். வீட்டில் உட்கார இரண்டு கதிரைதானே என்று கவலையும் பட்டேன்.

முட்டைக்குள் பார்க்க வெளிச்சம் வேண்டும். பொருளாதாரத் தடையால் வன்னியில் டோர்ச் பற்றறி கண்ணில் காணக் கிடைக்காது. ஆகவே சைக்கிளைக் கூடைக்குப் பக்கத்தில் தலைகீழாக நிறுத்தி, ஒரு கையால் மிதியைச் சுற்றி, டைனமோ வெளிச்சத்தில் மறு கையால் முட்டையைப் பிடித்தேன்.

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?”

“ஆராய்ச்சி. என்ர மனம் முட்டையில வேலை செய்யுது.”

“மனம் வேலை செய்யட்டும். கையை எடுங்கோ. அது அடைக்கோழியப்பா!”

ஒன்பதாம் நாள் நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனபோது, கோழி எழுந்து என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு வேலிக்கு மேலால் பறந்தது. திரும்பி வந்தபோது அது அடைக்கோழி அல்ல, வெறும் கோழி. புள்ளடி போட்டதும் போடாததும் ஒன்றாகக் குளிர்ந்து போயின. இரண்டு கூட்டமும் ஒரே கோழிக்குக் கீழ் இருந்ததை நான் யோசிக்கவில்லை. அவதானிப்பு, அவதானிக்கப்படுவதைக் குழப்பும் என்று அந்த வாரம்தான் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

“நீங்களே போய் அவாவிட்டச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்” என்றார் மனைவி. நான் போகவில்லை. பின்னேரம் பெரிய இடியோடு மழை பெய்தது.

மறுநாள் முத்தம்மாவே வந்தார். கையில் ஒரு சிரட்டை குறுணல், கோழிக்கு. கூடைக்குள் கைவைத்தவர் குளிர்ந்த முட்டை ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“என்னாச்சு மாஸ்டர்?”

ஆணி என் பைக்குள் குத்திக்கொண்டிருந்தது.

“நேற்றைய இடி கொஞ்சம் பலம்” என்றேன். பௌதிகம் படிப்பிக்கும் அதே வாயால்.

அவர் வைக்கோலைக் கிளறிப் பார்த்தார். “ஆணியக் காணோம். சின்ன ஆணி, எங்கியோ விழுந்திருச்சு. பெரிய இரும்பாப் போட்டிருக்கணும். என் புத்தியச் சொல்லணும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குறுணலை எங்கள் கோழிக்கே போட்டுவிட்டுப் போனார். பின்னேரம் மனைவி அந்தக் கோழியைக் கொண்டுபோய் அவருக்கே கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த அடைக்கு முத்தம்மா கூடைக்குள் வைத்தது ஒரு முழு மண்வெட்டித் தகடு. ‘இடிதான் முட்டையைக் கெடுத்ததெண்டு பௌதிக மாஸ்டரே சொன்னவர்’ என்ற கதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பரவியது. கோடரித் தலைகளுக்குப் பக்கத்திலும் கோழிகள் அடைகிடந்தன.

வீட்டில் இப்போதும் அடுப்பில் பால் வைத்தால், “அங்கால போங்கோ, நீங்கள் பார்த்தால் பொங்காது” என்பார் மனைவி. பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

முட்டைகள் கெட்டுச் சில வருடங்களில், மனம் பொறுக்காமல் அந்த ஆணியை முத்தம்மாவின் முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“சும்மா இருங்க மாஸ்டர். என் மனசு ஆறணும்னு பழிய நீங்க எடுத்துக்கிறீங்க. படிச்ச நீங்கதான் அன்னிக்கே இடின்னு சொன்னீங்களே!”

பிறகு ஆணியை எடுத்து, அடைகிடந்த கோழிக்குக் கீழே, மண்வெட்டித் தகட்டுக்குப் பக்கத்தில் செருகினார்.

“இதுவும் இருக்கட்டும். இரும்புதானே.”