பிறக்காத கணினிகளுக்கு இடம் ஒதுக்குபவர்

இடம் பிடிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். இடத்தை விட்டுக்கொடுப்பவர்களையும் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: வராதவர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, வந்தவர்களை நிற்க வைக்கும் இனம். அதன் அசல் உருப்படியைக் காண வேண்டுமானால், ஏதாவதொரு சின்ன கம்பெனிக்குள் நுழைந்து, இங்கே கணினி வலையமைப்புக்குத் திட்டம் போட்டவர் யார் என்று கேளுங்கள்.

நான் கணக்கராக இருக்கும் கம்பெனியில் கதவுக் கீல் செய்கிறோம். முதலாளி, விற்பனைக்காரர், நான், நம் கதாநாயகர் என்று ஆபீஸில் மொத்தமே நான்கு பேர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'வருங்காலம்'. நான்கு கணினியையும் ஒரு பிரிண்டரையும் இணைக்கச் சொன்னார் முதலாளி. வேறொருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துக் கை கழுவியிருப்பார். இவர் சுவர் முழுக்கத் தாள் ஒட்டி, கணினிகளைச் சேர்த்துக் கட்டும் தலைமை டொமைன் ஒன்று வரைந்து, அதன் கீழே கண்டத்துக்கு ஒரு டொமைன், கண்டத்தின் கீழே நாடு, நாட்டின் கீழே நகரம், பிறகு கட்டடம், மாடி, துறை என்று இறங்கி இறங்கி, கணினிக்கு ஒன்றாகக் கொடுக்கக் கையிலிருந்த ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் எண் முகவரிகளையும் பங்கு பிரித்துவிட்டார். பனி மூடிய கண்டத்துக்கும் ஒரு பங்கு.

"அங்க கதவே கிடையாதேப்பா" என்றேன்.

"நாளைக்கு வெச்சா?" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பிரித்து முடித்தபோது எங்கள் அறைக்கு மிஞ்சியவை ஆறு முகவரிகள். நான்கு பேர், பிரிண்டர், வெளியுலகுக்கு வழிவிடும் ரௌட்டர். கணக்கு கச்சிதம்.

அப்போதுதான் ஒரு பெண் புது எழுத்தராக வந்து சேர்ந்தார். புது ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றின் கதவுகளுக்கெல்லாம் நாங்கள் கீல் கொடுக்கப் போட்டி; விலைப்புள்ளியை அன்று மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். அந்த ஆர்டரை நம்பித்தான் முதலாளி அவரை எடுத்திருந்தார். ஆர்டர் போனால் அவர் வேலையும் போகும். விலைப்புள்ளி தயார், ஆனால் அவர் கணினிக்கு முகவரி இல்லை. பென்டிரைவில் எடுத்துத் தரலாமே என்றால், அதை வருங்காலம் ஏற்கெனவே தடை செய்திருந்தார்.

"ஒரு நம்பர் குடுங்க சார்."

"இடம் இல்லம்மா."

"கோடிக்கணக்குல இருக்கே?"

"அதுக்கெல்லாம் ஆள் இருக்கு."

"எங்க?"

"வருவாங்க."

அந்தப் பெண் சுவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"கிழக்குக் கண்டத்துக் கிளை மேலாளர் இன்னும் வரலைல்ல? அவர் இடத்துல உக்காந்துக்கறேன்."

"அவர் வந்துட்டா?"

"எழுந்துடறேன் சார்."

நியாயமாகப் பட்டது வருங்காலத்துக்கு. முகவரி கொடுத்தார். பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தால், அலுவல் நேரம் முடிந்துவிட்டதென்று சொல்லி, கணினி உள்ளே விட மறுத்தது. அந்தக் கிளையில் அப்போது இரவாம். ஒவ்வொரு கிளைக்கும் அந்தந்த ஊர்ப் பொழுதுக்கேற்ப வேலை நேரம் வகுத்திருந்தார் மனிதர்.

"தூங்கற நேரத்துல வேலை வாங்கக்கூடாது பாருங்க" என்று எங்களுக்கு விளக்கினார். பிறக்காத ஊழியர்களுக்குத்தான் எவ்வளவு கரிசனம்!

"இப்ப எந்தக் கிளையில சார் விடிஞ்சிருக்கு?" என்று கேட்டார் அந்தப் பெண், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மேற்குக் கண்டத்தில் விடிந்திருந்தது. அந்தக் கிளைக்கு அவரை மேலாளராக்கினோம். ஐந்து அடிக்குமுன் விலைப்புள்ளி பறந்தது, அடியில் 'மேலாளர், மேற்குக் கண்டக் கிளை' என்ற வரியோடு.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். "மேற்குல உங்களுக்குக் கிளை இருக்கா? பெரிய கம்பெனின்னு சொல்லவே இல்லையே."

முதலாளி சுவரிலிருந்த தாள்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நேத்துதாங்க ஆரம்பிச்சோம்" என்றார். ஆர்டர் எங்களுக்கே. அந்தப் பெண்ணின் வேலையும் நிலைத்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வருங்காலமோ, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரே வாக்கியத்தோடு எழுந்து, சுவரில் நிலாவுக்கு ஒரு தாள் ஒட்டப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கென்று மெத்தை விரித்துப் பூட்டி வைத்திருக்கும் அறையை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் கடைசியாகத் தங்கியவர் யார்? பரீட்சைக்குச் சமையலறை மூலையில் குந்திப் படிக்கும் உங்கள் மகள், "அந்த ரூம்ல உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டபோது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?