அக்காவின் மேல்வாயும் கீழ்வாயும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். உன் வாய்தான் நலமில்லை. அங்கே நீ வைத்திருக்கும் வாயைச் சொல்லவில்லை, இங்கே விட்டுப்போனதை.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் ஓட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாய். சொன்ன சொல்லைத் தூக்கத்திலும் காப்பாற்றுவாய் என்று யார் கண்டது. விடுமுறைக்கு வந்தபோது பார்த்தேன், கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தருகிறேன் என்று, நீ கிளம்பிய காலையில் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுத்தேன். வண்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அளவெடுக்க உன் வாயில் வைத்தேனே, அந்த அச்சு மாவைப் பற்றி உனக்குத் தெரியாது. தண்ணீரில் குழைத்தால் களி, இரண்டு நிமிடத்தில் ரப்பர். காய்ந்தால் சுருங்கும். ஊறினால் உப்பும். ஈரத்துணியில் சுற்றி மூடிவைத்து, சீக்கிரமே உள்ளே பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். "ஈரமா இருக்கணும், ஆனா நனையக்கூடாது" என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டுத்தான் உன்னை வழியனுப்ப வந்தேன். ஆளுக்குப் பாதி கேட்டுக்கொண்டார்கள். நனையக்கூடாது என்பது அப்பா காதில் விழுந்திருக்கிறது. மேல்வாயைத் துணியிலிருந்து பிரித்து மின்விசிறிக்கு நேரே வைத்துவிட்டார். ஈரமாக இருக்கணும் என்பது அம்மாவுக்கு. கீழ்வாயைக் கிண்ணத் தண்ணீரில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். "பாருடா, அவ பல்வரிசை அப்படியே இருக்கு" என்றாள். பல் இல்லை அம்மா, பல் இருந்த பள்ளம் என்றேன். "எனக்கு அது போதும்" என்றாள்.

நான் வேலை பார்க்கும் பல் லேப்பில் எங்கள் தலைமை ஆள், மில்லிமீட்டர் என்று நாங்கள் கூப்பிடுபவர், இரண்டிலும் ஊற்றியெடுத்த பிளாஸ்டர் பற்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். ஆடியது.

"ஏம்பா, இது ஒரே ஆளோட வாயா? மேல சுருங்கிருக்கு, கீழ ஊதிருக்கு. உங்க வீட்ல ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?"

"பேசுவாங்க சார். அக்கா இருந்தா."

அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. "அப்ப ஆளை வரச் சொல்லு. திரும்ப எடுக்கணும்."

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா எழுந்து மின்விசிறியை நிறுத்தினார், இப்போது. அம்மா "என்னைக்கு வர்றா?" என்று மட்டும் கேட்டாள். உன் தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டாகிவிட்டது. ஆகவே வேறு வழியில்லை அக்கா. லீவு கேள். காரணம் கேட்டால் வாயைத் திறந்து காட்டு.

அப்பா ஆசி எழுதச் சொன்னார். அம்மா, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னாள்.

உன்
தம்பி

பி.கு.: முதலில் எடுத்தது சரியில்லை என்று இரண்டாம் முறை வாயைத் திறக்கச் சொன்னேனே, "டேய், வண்டி போயிடும்டா" என்று திட்டினாயே. முதலில் எடுத்தது சரியாகத்தான் இருந்தது. நீ பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோதே பின்பக்கக் குழாயடியில் அதற்கு பிளாஸ்டர் ஊற்றிவிட்டேன். இரண்டாவது சும்மா. வீட்டில் இருக்கட்டும் என்று. அதில் செய்த பல் உறை இதே பொட்டலத்தில், பஞ்சுக்கு நடுவே இருக்கிறது. மாட்டிப் பார், பொருந்தும். அளவு பொருந்தவில்லை, திரும்ப எடுக்க வருகிறேன் என்று அம்மாவுக்கு எழுது.